மதுரையிலிருந்து சென்னைக்கும் கொழும்புக்கும் விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

கேட்டவர் மேலூர்க்காரர். அப்பாவை முழங்கால் வலிக்காகச் சென்னையில் ஒரு மருத்துவரிடம் காட்ட வேண்டுமாம். காலை 11 மணிக்கு நேரம் கிடைத்திருக்கிறது. விமானப் பயணம் ஒரு இடத்தில் 31 நிமிடம், இன்னொரு இடத்தில் 1 மணி நேரம், டிக்கெட்டில் 1 மணி 20 நிமிடம் என்று போட்டிருக்கிறது, எதை நம்புவது என்கிறார். தூரத்திலும் 416, 418, 460 என்று குழப்பம். போகிற போக்கில், கொழும்பில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்றும் கேட்டிருக்கிறார்.

மதுரையில் இருபது வருடத்துக்கு மேலாக டிக்கெட் போட்டுக் கொடுத்துப் பிழைப்பவன் நான். சொல்கிறேன். நீங்கள் பார்த்த எண்கள் எல்லாமே சரிதான். ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில் என்பதுதான் தொல்லை.

தூரத்தை முதலில் முடித்துவிடுவோம். இதற்கு இணையதளமே தேவையில்லை, ஒரு துண்டுக் காகிதம் போதும். பாகை என்றால் டிகிரி, அதில் அறுபதில் ஒரு பங்கு கலை. மதுரை விமான நிலையம் வட அட்சம் 9 பாகை 50 கலையிலும் கிழக்குத் தீர்க்கம் 78 பாகை 6 கலையிலும் இருக்கிறது. சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கம் 12 பாகை 59 கலை, 80 பாகை 10 கலை. கடல் மைல் என்ற அளவு பிறந்ததே இந்தக் கலைக் கணக்கில்தான்: தெற்கு வடக்காக ஒரு கலை நகர்ந்தால் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. ஆக வடக்கே போக வேண்டியது 3 பாகை 9 கலை, 189 கடல் மைல். கிழக்கே போக வேண்டியது 2 பாகை 4 கலை, அதாவது 124. ஆனால் தீர்க்கக் கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிவிடும் என்பதால் நம் ஊர் அட்சத்தில் 100-க்கு 98 தான் தேறும், 121.5 என்று வையுங்கள். மிச்சம் பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் ஏறக்குறைய 225 கடல் மைல் வரும். கிலோமீட்டரில் 416-லிருந்து 417-க்குள்.

சிலர் 418 என்று போடுவதற்குக் காரணம், விமான நிலையத்தின் எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறார்கள் என்பதும், பூமியை முழு உருண்டை என்று கொள்கிறார்களா, துருவத்தில் கொஞ்சம் தட்டையானது என்று கொள்கிறார்களா என்பதும்தான். அந்த ஒரு கிலோமீட்டருக்காக யாரும் சண்டை போட வேண்டியதில்லை. 460 என்பது சாலைத் தூரம். எழும்பூர் ரயில் 490-க்கு மேல் ஓடுகிறது, திண்டுக்கல்லைச் சுற்றிக்கொண்டு திருச்சிக்குப் போவதால்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. மதுரை விமான நிலையத்தில் ஒரு ஆணி, மீனம்பாக்கத்தில் ஒரு ஆணி அடித்து வரைபடத்தில் நூல் பிடித்துப் பாருங்கள். நூல் முதலில் யானைமலையை ஒட்டிப் போகும். அப்புறம் திருச்சி விமான நிலையத்தின் தலைக்கு மேலேயே போகும். ஏதோ பக்கத்தில் அல்ல, அச்சாக மேலே. அதன்பின் விழுப்புரம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டு. திருச்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் பெரம்பலூர் வழியாகப் போகும் சாலை நூலுக்கு இடப்பக்கம் வளைகிறது, அரியலூர், விருத்தாசலம் வழியாகப் போகும் தண்டவாளம் வலப்பக்கம் வளைகிறது. இதையும், ரயில் திண்டுக்கல்லைச் சுற்றுவதையும் விட்டுவிட்டால் சாலையும் ரயிலும் விமானமும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் போகின்றன.

இது வேடிக்கைக்காகச் சொன்னதல்ல. மலையோ கடலோ குறுக்கே இருந்தால் விமானம் தூரத்தையே மிச்சப்படுத்தும். மதுரைக்கும் கொச்சி நெடும்பாசேரிக்கும் பறவை போகும் தூரம் 190 கி.மீ.; நாம் போடிமெட்டு ஏறி மூணாறு இறங்கினால் 250-ஐத் தாண்டிவிடும், அதுவும் மலை வளைவுகளில். சென்னைக்குப் போவதில் அப்படிப் பெரிய மிச்சம் எதுவும் கிடையாது. விமானம் தருவது வேகம் ஒன்றைத்தான். அந்த வேகமும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. அதைத்தான் அடுத்துச் சொல்லப் போகிறேன்.

31 நிமிடம் என்று போட்டவர் செய்தது ஒரே ஒரு வகுத்தல்: 417-ஐ மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்தார். 1 மணி நேரம் என்றவர் அதோடு ஏறவும் இறங்கவும் சேர்த்து அரை மணியைக் கூட்டினார். பெரும்பாலான தூரக் கணக்குப் பக்கங்கள் இப்படித்தான் இயங்குகின்றன. அவற்றுக்கு மதுரையும் தெரியாது, சென்னையும் தெரியாது. இரண்டு புள்ளிகள் மட்டும் தெரியும். டெல்லிக்கு 2,085 கி.மீ. போகும்போது இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துப் போகும். 417 கி.மீ.க்கு ஒத்துவராது.

காரணம், ஜெட் விமானம் 800 கி.மீ. வேகத்தை எட்டுவது மேலே 30,000 அடிக்குப் பக்கத்தில் போன பிறகு. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் என்ற வரம்பு உண்டு, மணிக்குச் சுமார் 460 கி.மீ. இறங்குவதற்கும் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள் விமானிகள்: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல். 30,000 அடியிலிருந்து இறங்க 90 கடல் மைல் வேண்டும். மொத்தப் பாதையே 225 கடல் மைல்தான். ஏறுவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவே போய்விடும். மிச்சம் நடுவில் சமதளமாகப் பறப்பது எவ்வளவு என்று நீங்களே கழித்துப் பாருங்கள். பணிப்பெண் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து முடிப்பதற்குள் “இருக்கைப் பட்டையை அணிந்துகொள்ளுங்கள், தரையிறங்கப் போகிறோம்” என்று அறிவிப்பு வருவது இதனால்தான். மதுரை–சென்னை விமானம் ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்குகிற விமானம்.

ஏர்பஸ் ஏ320 ரக ஜெட் என்றால் சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடும் வரை 45-லிருந்து 50 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். விசிறி வைத்த ஏடிஆர் என்றால் ஒரு மணி நேரத்தை ஒட்டி வரும். அதன் உச்ச வேகமே மணிக்கு 510 கி.மீ. அளவில்தான், 25,000 அடிக்கு மேல் அது ஏறாது. வித்தியாசம் பத்துப் பதினைந்து நிமிடம். டெல்லிக்கு ஏடிஆரில் போனால் தெரியும் வித்தியாசம் சென்னைக்குப் போகையில் தெரியாது. இத்தகைய குறுந்தூரத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட விமானம் அது. எரிபொருளும் குறைவாகக் குடிக்கும்.

ஏடிஆரைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள், “விசிறி விமானமா?” என்று. எனக்கு அது பிடிக்கும். ஏறும் வழி வால் பக்கத்தில். கதவே படியாக மடிந்து இறங்கும். நாலைந்து படிகள் ஏறினால் உள்ளே. பெட்டிகள் முன்பக்கத்தில், விமானிக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கும். இரண்டுக்கு இரண்டு இருக்கைகள், நடு இருக்கை என்ற தண்டனை கிடையாது. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் கீழே ஊர் தெரியும். ஆடி மாதத்தில், மேற்குக் காற்றை எதிர்த்து மேற்கு நோக்கிக் கிளம்பினால் வலப்பக்க ஜன்னலில் திருப்பரங்குன்றம் மலை முழுதாக எழுந்து நிற்கும். பிறகு விமானம் வலப்பக்கம் வளையும்போது கண்மாய்கள் ஒவ்வொன்றாகச் சாயும்; தண்ணீர் இருந்தால் வெள்ளித் தகடு, இல்லாவிட்டால் கருவேலங்காடு.

காற்று என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் ஊர் ஓடுபாதை கிழக்கு மேற்காகப் போடப்பட்டது. நீளம் 2,285 மீட்டர், ஏறக்குறைய 7,500 அடி. விமானம் எப்போதும் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் விரும்பும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்ன ஊரில் தென்மேற்குப் பருவத்தில் மேற்கு நோக்கியும், ஐப்பசி கார்த்திகையில் வாடை வீசும்போது கிழக்கு நோக்கியும் கிளம்புவது வழக்கம். சென்னை இருப்பது வடகிழக்கில். மேற்கே கிளம்பினால் திரும்பி வளைந்து வர வேண்டும், கிழக்கே கிளம்பினால் அந்த வளைவு சின்னது. இரண்டுக்கும் சில நிமிட வித்தியாசம். நூல் பிடித்த 417 கி.மீ. இப்படியெல்லாம் கொஞ்சம் நீளும்.

இனி டிக்கெட்டில் இருக்கும் 1 மணி 20 நிமிடம். இது பறக்கும் நேரமே அல்ல. விமானத் துறையில் இதை பிளாக் டைம் என்பார்கள். பெயர் வந்த கதை எளிது. மலைப்பாதையில் லாரியை நிறுத்தினால் கிளீனர் இறங்கி டயருக்குக் கல் கொடுப்பான் அல்லவா? விமானத்துக்கும் அதே வைத்தியம்தான். நின்றதும் ஒருவர் குனிந்து சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மஞ்சள் கட்டைகளைச் செருகுவார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் பார்க்கலாம். மதுரையில் அந்தக் கட்டையை உருவியதிலிருந்து சென்னையில் கட்டையைச் செருகும் வரை ஆகும் நேரம்தான் டிக்கெட்டில் அச்சாகிறது.

அதற்குள் என்னென்ன அடங்குகிறது என்று பாருங்கள். மதுரையில் விமானம் ஓடுபாதைக்குள் நுழைந்து, அதே ஓடுபாதையிலேயே முனை வரை ஊர்ந்து போய், பஸ் ஸ்டாண்டில் பஸ் திரும்புவது போல அரைவட்டம் அடித்துத் திரும்பி நிற்க வேண்டியிருக்கும். அது சில நிமிடம். சென்னையில் இரண்டு ஓடுபாதைகள் இருந்தாலும் அவை ஒன்றையொன்று வெட்டுகின்றன; இரண்டிலும் ஒரே நேரத்தில் இஷ்டப்படி ஏற்றி இறக்க முடியாது. காலை நெரிசலில் வானிலேயே வட்டமடிக்க வைப்பதும் உண்டு. இறங்கிய பிறகு நிறுத்துமிடத்துக்கு ஊர்ந்து போக ஐந்து பத்து நிமிடம். இவை எல்லாவற்றுக்கும் மேல், கொஞ்சம் தாமதமானாலும் “குறித்த நேரத்தில் வந்தது” என்று கணக்குக் காட்ட நிறுவனங்கள் தாராளமாகவே நேரத்தைக் கூட்டி வைக்கின்றன. அதனால்தான் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் சென்னையில் ஐந்து நிமிடம் முன்னதாக வந்து நிற்கும் அதிசயம் நடக்கிறது. விமானி ஒன்றும் மிதித்து ஓட்டவில்லை.

ஆகவே திட்டம் போட உதவும் எண் டிக்கெட்டில் இருப்பது மட்டும்தான். மற்றவற்றைப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குடும்பம் வந்தது: கணவன், மனைவி, கைக்குழந்தை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் விமானத்துக்கு ஏற்கெனவே டிக்கெட் வாங்கியிருந்தார்கள். மதுரையிலிருந்து சென்னைக்குத் தனியாக ஒரு டிக்கெட் என்னிடம் கேட்டார்கள். “ஒரு மணி நேரப் பயணம்தானே, இது போதும்” என்று இரண்டு மணி நேர இடைவெளியில் போட்டுக் கொடுத்தேன். விமானம் முப்பத்தைந்து நிமிடம் தாமதம். அவ்வளவுதான். பெட்டி வரும் வரை காத்திருந்து, உள்நாட்டு முனையத்திலிருந்து வெளிநாட்டு முனையத்துக்குக் குழந்தையோடு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். தனித்தனி டிக்கெட் என்பதால் முதல் நிறுவனத்துக்கும் பொறுப்பில்லை, இரண்டாவது நிறுவனத்துக்கும் பொறுப்பில்லை. அந்த அம்மாள் தொலைபேசியில் திட்டவே இல்லை. “நீங்கள் சொன்னீர்களே அண்ணா” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு தனித்தனி டிக்கெட்டில் வெளிநாட்டு விமானத்தைப் பிடிப்பவர்களுக்கு ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாக இடைவெளி விட்டு நான் போட்டுக் கொடுப்பதில்லை. போடச் சொன்னால் வேறு கடைக்குப் போகச் சொல்வேன்.

இப்போது உங்கள் பயணத்துக்கு வருகிறேன். மேலூரிலிருந்து கிளம்பும்போதே ஒரு வேடிக்கை இருக்கிறது. சென்னைச் சாலை உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ஆனால் விமானம் பிடிக்க நீங்கள் சென்னைக்கு முதுகைக் காட்டி, ஒத்தக்கடை வந்து, சுற்றுச்சாலை பிடித்து, தெற்கே 40 கி.மீ. போக வேண்டும். விடியற்காலையில் காரில் ஒரு மணி நேரம் போதும். வாகனம் வைத்துக்கொள்ளுங்கள், மாட்டுத்தாவணிக்கு பஸ்ஸில் வந்து அங்கிருந்து ஆட்டோ என்றெல்லாம் அப்பாவின் முழங்காலைச் சோதிக்க வேண்டாம்.

உள்நாட்டு விமானத்துக்குச் செக்-இன் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஏறும் வாயிலை இருபது இருபத்தைந்து நிமிடம் முன்பு மூடிவிடுவார்கள். ‘7 மணி விமானம்’ என்றால் 7 மணிக்குக் கட்டையை உருவிவிடுவார்கள் என்று பொருள், 6.40-க்கு வாசலில் இறங்கிக் கைகாட்டினால் நிற்க அது நகரப் பேருந்து அல்ல. 5.30-க்கு அங்கே இருங்கள். வீட்டை விட்டு 4.30-க்குக் கிளம்புங்கள். சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுப் பதிந்துவிடுங்கள். அங்கே போய்க் கேட்டால் இருப்பதைப் பொறுத்துத்தான் கிடைக்கும். ஒன்று நினைவிருக்கட்டும்: சக்கர நாற்காலிக்காரர்களைப் பெரும்பாலும் முதலில் ஏற்றுவார்கள், கடைசியில் இறக்குவார்கள்.

7 மணிக்குக் கிளம்பினால் 8.20-க்குச் சென்னை. எல்லோரும் இறங்கி, நாற்காலி வந்து, பெட்டி எடுத்து வெளியே வர 9 மணி ஆகிவிடும். அங்கிருந்து மருத்துவமனை எங்கே என்பதைப் பொறுத்து முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் கிண்டி, சைதாப்பேட்டைப் பக்கம் வாகனம் எப்படி நகரும் என்று உங்களுக்கும் தெரியும். விமான நிலையத்திலிருந்து 2016 முதல் மெட்ரோ ஓடுகிறது. மருத்துவமனை மெட்ரோ வழியில் இருந்தால், லிப்ட் இருப்பதால், யோசிக்கலாம். எப்படிப் பார்த்தாலும் 10-லிருந்து 10.30-க்குள் சேர்ந்துவிடலாம். மேலூரில் கதவைப் பூட்டியதிலிருந்து ஆறு மணி நேரம் ஆகியிருக்கும். பறந்தது அதில் முக்கால் மணி.

8.30 மணி விமானத்தைப் போடாதீர்கள். கணக்குப்படி 11 மணிக்குச் சேர்வது போலத் தோன்றும். தோன்றும், அவ்வளவுதான்.

விமானத்தோடு ரயிலையும் வைத்துப் பார்க்காமல் பதில் முடியாது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய எழும்பூர்–நாகர்கோவில் வந்தே பாரத் மதுரை–சென்னையை ஆறு மணி நேரத்துக்குள் கடக்கிறது. 2019-இல் வந்த தேஜஸ் ஆறரை மணி அளவில். 1977 முதல் ஓடும் வைகை ஏழு மணி நேரத்துக்கு மேல். இவை மூன்றுமே மதுரையில் கிளம்பி அன்று காலை 11 மணிக்குச் சென்னையில் சேர்க்காது. அந்த வேலைக்கு இருப்பது பாண்டியன். இரவு ஏறிப் படுத்தால் விடிகாலை எழும்பூர். ஏழெட்டு மணி நேரம் என்று கணக்கு வந்தாலும் அது தூங்கும் நேரம். பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் நேரம் அல்ல. கீழ்ப் படுக்கை கிடைத்தால் முழங்கால் வலிக்காரருக்குக் காலை நீட்டிக்கொண்டு வர வசதி. கிடைக்காவிட்டால் ரயிலை மறந்துவிடுங்கள். என் வாடிக்கையாளர்களில் மறுநாள் வேலை இருப்பவர்களை நானே பாண்டியனுக்கு அனுப்பியிருக்கிறேன், எனக்குக் கமிஷன் போனாலும். அன்றைக்கே போய் அன்றைக்கே திரும்ப வேண்டும் என்பவர்களுக்குத்தான் விமானம் கொடுக்கும் காசுக்குத் தகும்.

மார்கழியில் போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. சென்னையில் விடியற்காலைப் பனி; அதிலும் போகியன்று பழைய பாயும் டயரும் எரித்த புகை பனியோடு சேர்ந்துகொண்டால் ஓடுபாதை தெரியாது. 2018 போகியன்று பல விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். போகிக் காலையில் சென்னைக்கு விமானம் வேண்டும் என்று யாராவது வந்தால், முந்தின நாளே போய்விடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கொழும்பு. இதை வாசிக்கும் முன் ஒரு நிமிடம் ஊகித்துப் பாருங்கள், மதுரைக்குச் சென்னை பக்கமா, கொழும்பு பக்கமா?

கொழும்புதான். மதுரையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் 355 கி.மீ. சென்னையை விட 60 கி.மீ. குறைவு. பெங்களூருகூட 376 கி.மீ.தான், நம் தலைநகரம்தான் மூன்றிலும் தொலைவு. மதுரையில் நின்றுகொண்டு வரைபடத்தைப் பார்க்காத யாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. பந்தயம் கட்டி நான் டீ குடித்திருக்கிறேன்.

இங்கேயும் நூல் பிடியுங்கள். தென்கிழக்கே போகும் நூல் சாயல்குடிப் பக்கம் கரையை விட்டு மன்னார் வளைகுடாவில் இறங்கும். அதற்குப் பிறகு நீர்கொழும்பு வரை தண்ணீர்தான். இராமேஸ்வரத்துக்கு மேலே போகும் என்று பலர் நினைத்துக்கொண்டு இடப்பக்க ஜன்னல் கேட்பார்கள். பாம்பன் தெரிந்தால் தூரத்தில் தெரியும். வானம் தெளிவாக இருக்க வேண்டும்.

1914-லிருந்து 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போகும் வரை, எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கி, ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போனார்கள். போட் மெயில் என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். அந்தப் பழக்கம் விட்டுப் போனதில்தான் கொழும்பு நம் மனத்தில் தூரமாகிவிட்டது என்று எனக்குத் தோன்றும். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் 2012-இல் தொடங்கியது.

நேரம்? டிக்கெட்டில் ஒரு மணி நேரத்தை ஒட்டியே போட்டிருப்பார்கள். இலங்கைக் கடிகாரமும் நம் கடிகாரமும் 2006 முதல் ஒன்றுதான் என்பதால் டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களையும் நேராகக் கழிக்கலாம். ஆனால் வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்வார்கள். இங்கே குடிபெயர்வு வரிசை, சுங்கம், அங்கேயும் அதே. பாஸ்போர்ட், விசா அனுமதியை வீட்டிலேயே சரி பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுநாயக்க நகரத்துக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருக்கிறது. நாத்தனார் வீடு தெகிவளை, வெள்ளவத்தைப் பக்கம் என்றால் இன்னும் ஒன்றேகால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, பக்கத்து ஊரான கொழும்புக்கு ஏழு மணி நேரம், தூரத்து ஊரான சென்னைக்கு ஆறு மணி நேரம்.

கடிகாரம் ஒன்றாக இல்லாத ஊர்களில்தான் கேள்வி கேட்பவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். மதுரையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,015 கி.மீ.; துபாய் சுமார் 2,950 கி.மீ. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. மதுரை ஏறக்குறைய நட்டநடுவில். இரண்டுக்கும் நாலு மணி நேரத்தை ஒட்டிய பயணம். ஆனால் டிக்கெட்டைப் பாருங்கள். இரவு 11 மணிக்கு ஏறினால் சிங்கப்பூரில் காலை 5.30 என்று போட்டிருக்கும்: ஆறரை மணி நேரமா? பகல் 12 மணிக்கு ஏறினால் துபாயில் 2.45: மூன்று மணி நேரம்கூட இல்லையா? சிங்கப்பூர்க் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது, துபாய்க் கடிகாரம் ஒன்றரை மணி பிந்தியது. போகும்போது பிடுங்கிய நேரத்தைத் திரும்பும்போது கொடுத்துவிடுவார்கள். “துபாய் பக்கம்தான், மூன்று மணி நேரம்கூட ஆகாது” என்று மகன் சொன்னதை நம்பி, சாப்பிடாமல் ஏறிய ஒரு சர்க்கரை நோயாளியை எனக்குத் தெரியும். பணிப்பெண்ணிடம் பிஸ்கட் வாங்கிச் சமாளித்திருக்கிறார்.

தூரப் பயணங்களில் காற்றும் கணக்கில் வரும். குளிர்காலத்தில் மேலே மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று ஓடுவதால் துபாயிலிருந்து வருவது போவதை விடச் சீக்கிரம் முடியும். சென்னைக்குப் போகும் முக்கால் மணி நேரத்தில் காற்று செய்யக்கூடியது ஒன்றிரண்டு நிமிடம், அதை மறந்துவிடலாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. தூரம் தேடும்போது ஊர்ப் பெயரைக் காட்டிலும் விமான நிலையத்தின் மூன்றெழுத்தைப் போட்டுத் தேடுங்கள். பெரும்பாலான பக்கங்கள் ஊர் நடுவிலிருந்து ஊர் நடுவுக்கு அளந்துவிட்டு விமானத் தூரம் என்று பெயர் வைக்கின்றன. சென்னைக்கு எம்.ஏ.ஏ., ஊருக்குப் பெயர் மாறியும் பழைய மெட்ராஸை விடாத எழுத்துகள். மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம். உங்கள் பெட்டியில் ஒட்டும் சீட்டில் அது எம்.ஏ.ஏ. என்று இருக்கிறதா என்று கவுண்டரிலேயே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அப்பாவின் எக்ஸ்ரே படங்களை அந்தப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள்.